மீட்கப்பட்ட சுரங்க நிலமும் நீர்க் கண்காணிப்பும்

சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், கர்நாடக எல்லையும் தமிழ்நாட்டு எல்லையும் நெருங்கி வரும் இடத்தில், குப்பம் வட்டாரம் அமைந்துள்ளது. கோலார் தங்கவயலின் பாறைப் பட்டை தெற்கு நோக்கி நீண்டு, இவ்வட்டாரத்திலுள்ள சிகுருகுண்டா, பிசாநத்தம் ஆகிய ஊர்களைத் தொடுகிறது. இங்குத் தங்கம் எடுத்த பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001-ல் மூடப்பட்டது. 2018-ல் நடைபெற்ற ஏலத்தில் இப்பகுதி தேசிய கனிம வளர்ச்சிக் கழகத்தின் கைக்கு வந்தது. சுரங்கத்தில் வேலை நின்றால் நீர் இறைப்பும் நிற்கும். இறைப்பு நின்றால் நீர் ஏறும். வேலையை மீண்டும் தொடங்க வேண்டுமாயின், ஏறிய நீரை முதலில் வெளியேற்றியாக வேண்டும். அந்த நீர் எவ்வளவு, அதன் தன்மை யாது, எந்த ஓடையில் அது விடப்படும், சுற்றிலும் உள்ள பாசனக் கிணறுகளின் மட்டம் என்ன ஆகும் என்னும் வினாக்கள் அப்போது எழும். இவ்வட்டாரத்தின் வழியாகவே பாலாறு தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரே ஓடும் அந்த ஆறு, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் ஓட வேண்டியிருக்கிறது.

சித்தூரிலும், 2022 ஏப்ரலில் புதிதாக அமைந்த திருப்பதி மாவட்டத்திலும் நிலக்கரி வெட்டப்படுவதில்லை. ஆயினும் மேற்கண்ட வினாக்களை உலகெங்கும் மிக விரிவாக ஆராய்ந்திருப்பது நிலக்கரித் துறையேயாகும். ஆகவே இக்கட்டுரை, நிலக்கரிச் சுரங்கங்களில், குறிப்பாக நெய்வேலியில், கிடைத்துள்ள பாடத்தை முதலில் எடுத்துக்கொள்கிறது. பின்னர் சித்தூருக்குத் திரும்புகிறது. நெய்வேலியில் எழுந்துள்ள வினாக்களுள் ஒன்றுக்கான விடை சித்தூர் உழவர்களிடம் இருக்கிறது என்பதே அதற்குக் காரணம்.

நிலம் திரும்பிவிடும், நீர்?

திறந்தவெளிச் சுரங்கத்தில் மேல்மண்ணையும் பாறையையும் அகற்றி, அடியிலுள்ள நிலக்கரியை எடுத்து, அகற்றிய மண்ணையே பின்னால் உள்ள பள்ளத்தில் கொட்டி நிரப்பிக்கொண்டே செல்வர். நிரப்பிய இடத்தைச் சமன் செய்து, வளமான மண்ணைப் பரப்பி, மரம் நடுவதையே ‘நில மீட்பு’ என்கிறோம். ஆண்டறிக்கைகளில் இடம்பெறுவது பெரும்பாலும் நடப்பட்ட மரங்களின் எண்ணிக்கையும் பசுமையான பரப்பின் அளவுமே. இவை எளிதில் எண்ணத்தக்கவை, படமெடுக்கத்தக்கவை. நிரப்பிய மண்ணுக்குள் நடப்பதை அவ்வாறு படமெடுக்க இயலாது.

அங்கே நடப்பது இதுதான். பல்லாயிரம் ஆண்டுகளாக அடுக்கடுக்காகப் படிந்திருந்த மணலும் களிமண்ணும் கலந்து ஒரே குவியலாகிவிடுகின்றன. நீரைத் தாங்கி நின்ற அடுக்கும், அதைத் தடுத்து நின்ற அடுக்கும் இப்போது தனித்தனியாக இல்லை. உடைபட்ட பாறையின் புதிய பரப்புகள் காற்றையும் நீரையும் முதன்முறையாகச் சந்திக்கின்றன. நிலக்கரியை ஒட்டிய அடுக்குகளில் பைரைட் எனப்படும் இரும்புக் கந்தகச் சேர்மம் காணப்படுவது உண்டு. அது காற்றிலுள்ள ஆக்சிஜனுடனும் நீருடனும் சேரும்போது கந்தக அமிலம் உண்டாகிறது. இரும்பு கரைந்து நீரில் கலக்கிறது. அருகில் சுண்ணாம்புச் சத்துள்ள பாறை இருப்பின் அமிலம் அடங்கிவிடும். ஆனால் சல்பேட் உப்பு அடங்காது, நீரோடு நீராகப் போய்க்கொண்டேயிருக்கும். எனவே நீரின் கார அமிலத் தன்மை சரியாக இருக்கிறது என்ற ஒரே அளவைக் கொண்டு நிம்மதி அடைவது தவறாகும். சல்பேட் அளவு ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

நம் நாட்டின் பெரும்பாலான நிலக்கரியில் கந்தகம் குறைவு. ஆகையால் அமில நீர்ச் சிக்கல் தாமோதர், கோதாவரிப் பள்ளத்தாக்குகளில் அவ்வளவாக இல்லை. மேகாலயத்தின் ஜெயந்தியா மலைப்பகுதியில் நிலைமை வேறு. அங்கு நிலக்கரியில் கந்தகம் மிகுதி, எலிவளைச் சுரங்கங்களோ கைவிடப்பட்டவை பல. லூக்கா ஆறு குளிர்காலத்தில் நீல நிறம் கொள்வதும் மீன்கள் மடிவதும் அங்குக் காணப்பட்டன. 2014-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் எலிவளைச் சுரங்க முறைக்குத் தடை விதித்தது. தடைக்குப் பின்னும் பழைய வளைகளிலிருந்து அமில நீர் வடிவது நிற்கவில்லை. வெட்டுவதைத்தான் தடுக்க முடியும். வடிவதைத் தடை ஆணையால் தடுக்க இயலாது.

நெய்வேலியின் இரண்டு கணக்குகள்

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956 நவம்பரில் அமைக்கப்பட்டது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார்; 1961-ல்தான் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. அத்திட்டத்தின் பெருந்தடை நிலத்தடி நீரே. நிலக்கரிப் படிவத்துக்கு அடியிலுள்ள மணற்படுகையில் நீர், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம் வரை அழுத்தத்துடன் அடைபட்டிருக்கிறது. மேலே உள்ள மண்ணின் பாரம் இருக்கும்வரை இவ்வழுத்தம் அடங்கியிருக்கும். மண்ணை எடுத்துவிட்டால் சுரங்கத்தின் தரையே மேலெழும்பி உடைந்துவிடும். ஆகவே ஆழ்குழாய்க் கிணறுகள் அமைத்து, இரவு பகலாக இறைத்து, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வெட்ட வேண்டியிருக்கிறது. ஒரு டன் நிலக்கரி எடுக்க ஏறத்தாழ 12, 13 டன் நீரை இறைக்க வேண்டும் என்பது அங்கு வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. எடையை மட்டும் பார்த்தால் நெய்வேலியை நீர்ச் சுரங்கம் என்றே சொல்ல வேண்டும்.

இறைத்த நீர் வீணாகவில்லை. அனல்மின் நிலையங்களுக்கும் நகரியத்துக்கும் அது பயன்படுகிறது. வறட்சிக் காலத்தில் சென்னைக் குடிநீருக்கும் கைகொடுத்துள்ளது. எஞ்சியது கால்வாய்கள் வழியே பரவனாற்றுக்கும், வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி ஆகியவற்றுக்கும் போய்ச் சேர்ந்து பாசனமாகிறது. இங்குதான் இரண்டு கணக்குகள் எழுகின்றன. மேட்டு நிலத்துக் கிணற்று உழவர், தம் நீர்மட்டம் கீழே போனதற்குச் சுரங்கத்தைச் சுட்டிக்காட்டுகிறார். ஏரிப் பாசன உழவரோ சுரங்க நீரை நம்பி நடவு செய்கிறார். என்றேனும் ஒருநாள் இறைப்பு நின்றால் இவ்விருவரின் நிலையும் தலைகீழாகும். முன்னவரின் கிணற்றில் நீர் ஏறும். பின்னவரின் கால்வாய் வற்றும். சுரங்கம் மூடுவதைப் பற்றிப் பேசுவோர் முதல் விளைவை மட்டுமே எண்ணிப் பார்க்கின்றனர். கால்வாயில் மாதந்தோறும் எவ்வளவு நீர் வருகிறது, அதில் சுரங்கத்தின் பங்கு எவ்வளவு, மழையின் பங்கு எவ்வளவு என்று இப்போதே பிரித்து அளந்து வைத்திருந்தால்தான், மூடும் நாளில் ஏரிப் பாசனத்துக்கு மாற்று ஏற்பாடு செய்ய முடியும்.

நீரின் தன்மையைப் பொறுத்தும் இப்படியே. 2023-ல் இரண்டு சுற்றுச்சூழல் அமைப்புகள் வெளியிட்ட ஆய்வு, நெய்வேலியைச் சுற்றி எடுத்த நீர் மாதிரிகள் சிலவற்றில் பாதரசம் அளவுக்கு மேல் இருப்பதாகக் கூறியது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அதனைத் தாமாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. இத்தகைய வழக்குகளில் எவரும் கேட்கும் முதற் கேள்வி, முன்பு எவ்வளவு இருந்தது என்பதே. குடிநீரில் பாதரசம் லிட்டருக்கு 0.001 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது இந்திய தர நிர்ணயம். அவ்வளவு நுட்பமான பொருளை அளக்கும்போது, கழுவாத ஒரு புட்டியும், அமிலம் சேர்க்காமல் இரண்டு நாள் காத்திருந்த ஒரு மாதிரியும் முடிவையே மாற்றிவிடும். சண்டை மூண்ட பின் எடுக்கும் மாதிரியை எதிர்த்தரப்பு நம்புவதில்லை. மூளும் முன் எடுத்ததைத்தான் இரு தரப்பும் ஏற்கும்.

ஓட்டமும் தன்மையும் ஒரே ஏட்டில்

நடைமுறையில் நீரோட்டத்தை நீர்வளத் துறையினரும், நீரின் தன்மையை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தினரும், கிணற்று மட்டத்தை நிலத்தடி நீர்த் துறையினரும் அளக்கின்றனர். மூன்று ஏடுகளும் மூன்று அலுவலகங்களில் இருக்கின்றன. இதனால் விளையும் பிழையை மாணவர்கள் ஒரு சிறு கணக்கால் அறியலாம்.

ஓடையின் குறுக்கே செங்கோண முக்கோண வெட்டுடைய தடுப்புப் பலகை ஒன்றை வைத்தால், வெட்டின் அடிமுனைக்கு மேல் நீர் நிற்கும் உயரத்தைக் கொண்டு ஓட்டத்தைக் கணக்கிடலாம். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் இரண்டரை மடிப்பெருக்கை 1.38-ஆல் பெருக்கினால் விநாடிக்கு இத்தனை கன மீட்டர் எனக் கிடைக்கும். உயரம் 10 சென்டிமீட்டர் எனில் ஓட்டம் விநாடிக்கு 4.4 லிட்டர், 20 சென்டிமீட்டர் எனில் 24.7 லிட்டர். உயரம் இருமடங்கானால் ஓட்டம் ஐந்தரை மடங்குக்கும் மேலாகிறது. இனி, மீட்கப்பட்ட நிலத்திலிருந்து வடியும் ஓடை ஒன்றில் கோடையில் 10 சென்டிமீட்டர் நீர் ஓடுகிறது எனவும், அதில் சல்பேட் லிட்டருக்கு 400 மில்லிகிராம் எனவும் கொள்வோம். மழைக்காலத்தில் 20 சென்டிமீட்டர் ஓடுகிறது. சல்பேட் 150 மில்லிகிராம். குடிநீருக்கு 200 விரும்பத்தக்க அளவு, வேறு நீர் இல்லாதவிடத்து 400 வரை ஏற்கத்தக்கது என்பது நம் தர நிர்ணயம். தன்மையை மட்டும் பார்ப்பவர், கோடையில் கவலைப்பட்டு மழைக்காலத்தில் நிம்மதி அடைவார். உண்மையில் கோடையில் நாளொன்றுக்கு ஓடை சுமந்து செல்லும் சல்பேட் ஏறத்தாழ 150 கிலோகிராம். மழைக்காலத்தில் 320 கிலோகிராம். கீழே உள்ள ஏரியில் போய்ச் சேர்வது இந்தச் சுமையே. மாதிரி எடுக்கும் அதே நேரத்தில், அதே இடத்தில், உயரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை. ஓர் அளவுகோலைப் பார்த்து எழுதும் வேலை அது; அரை நிமிடம் பிடிக்கும்.

நிலத்தடி நீருக்குக் கண்காணிப்புக் கிணறுகள் வேண்டும். நீர் வரும் திசையில் சுரங்கத்துக்கு மேலே ஒன்று, நிரப்பிய மண்ணுக்குள் ஒன்று, நீர் செல்லும் திசையில் குறைந்தது இரண்டு என அமைக்க வேண்டும். மேலே உள்ள கிணறு இல்லாவிடில், கீழே காணும் மாற்றம் சுரங்கத்தால் வந்ததா, மழை பொய்த்ததால் வந்ததா என்று பிரித்தறிய வழியில்லை. ஒவ்வொரு நீர்ப்படுகைக்கும் தனிக் கிணறு தேவை. செலவு மிச்சம் என்று கருதி, பழைய பாசனக் கிணற்றையே கண்காணிப்புக் கிணறாக அறிவித்துவிடும் வழக்கம் உண்டு. அக்கிணறு இரண்டு படுகைகளின் நீரையும் கலந்து காட்டும். மின்சாரம் வந்ததும் மோட்டார் ஓடும்; அப்போது எடுக்கும் அளவு அந்த மோட்டாரின் அளவேயன்றி நிலத்தடி நீரின் அளவன்று.

ஆய்வுப் பணியின்போது ஓர் அலுவலகத்தில் கண்ட பதிவேடு ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒரு கிணற்றின் நீர்மட்டம் பதினொரு மாதங்களுக்கு, மழைக்காலம் உட்பட, மாறாமல் ஒரே அளவாகப் பதியப்பட்டிருந்தது. விசாரித்ததில், அளக்கும் நாடாவின் நீளமே அவ்வளவுதான் என்று தெரிந்தது! நீர் அதற்கும் கீழே போய்விட்டிருந்தது. அளந்தவர் பொய் எழுதவில்லை. அவர் எழுதியதை யாரும் படிக்கவில்லை.

காலமும் வட்டியும்

பொருளியல் படித்தவர்களுக்கு இச்சிக்கலின் மற்றொரு முகம் உடனே தெரியும். நிரப்பிய மண்ணிலிருந்து உப்பு நீர் நிலத்துக்குள் ஆண்டுக்கு 20 மீட்டர் நகர்கிறது என்று கொண்டால், ஒரு கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஊர்க் கிணற்றை அது அடைய 50 ஆண்டுகள் ஆகும். ஐம்பதாம் ஆண்டில் அவ்வூருக்கு மாற்றுக் குடிநீர் கொடுக்க ஒரு கோடி ரூபாய் செலவாகும் எனில், 8 விழுக்காட்டு வட்டிக் கணக்கில் அதன் இன்றைய மதிப்பு இரண்டு லட்சத்துச் சொச்சமே. திட்ட அறிக்கையில் இத்தொகை கண்ணில் படாது. கணக்கு தவறன்று. ஆனால் அந்த இரண்டு லட்சத்தை இன்று ஒருவர் எடுத்து வைத்து, ஐம்பது ஆண்டுகள் எவரும் தொடாமல் காத்தால் மட்டுமே அக்கணக்குக்குப் பொருள் உண்டு. எடுத்து வைக்கவில்லையெனில், தள்ளுபடி வீதம் என்பது செலவை மறைக்கும் திரையாகிவிடுகிறது.

பிற நாடுகள் இதற்குக் கண்ட வழிகள் பலவாகும். அமெரிக்காவில் 1977-ல் இயற்றப்பட்ட மேற்பரப்புச் சுரங்கச் சட்டம், வெட்டத் தொடங்குமுன்பே நீரில் நேரக்கூடிய விளைவுகளைக் கணித்துக் காட்ட வேண்டும் என்கிறது; மீட்பு நிறைவேறும்வரை நிறுவனத்தின் பிணைத்தொகை விடுவிக்கப்படுவதில்லை. ஜெர்மனியின் ரூர் பகுதியில் பாறை நிலக்கரிச் சுரங்கத் தொழில் 2018 டிசம்பரில் முடிவுற்றது. ஆனால் நீர் இறைப்பை அங்கு என்றுமே நிறுத்த முடியாது. நிறுத்தினால் தாழ்ந்துபோன ஊர்கள் நீரில் மூழ்கும், உப்பு நீர் குடிநீர்ப் படுகையில் கலக்கும். இதை முன்னறிந்து 2007-லேயே ஓர் அறக்கட்டளை அமைத்து, அதன் வருவாயிலிருந்து இறைப்புச் செலவை நடத்துகின்றனர். ‘என்றென்றைக்குமான பணிகள்’ என்பது அங்கு அச்செலவுக்கு வழங்கும் பெயர். அதே நாட்டின் கிழக்கிலுள்ள லவுசிட்ஸ் பகுதிதான் நெய்வேலிக்கு நெருங்கிய ஒப்புமை. பழுப்பு நிலக்கரி எடுத்த பள்ளங்கள் அங்கே ஏரிகளாயின. நிலத்தடி நீர் மீண்டும் ஏறியபோது பைரைட் சிதைவின் இரும்பையும் சல்பேட்டையும் சுமந்து வந்தது. ஸ்பிரே ஆறு சில இடங்களில் பழுப்பு நிறமாயிற்று. அவ்வாறு பெர்லின் நகரின் குடிநீருக்கும் பயன்படுவதாகையால், சல்பேட் அளவு அங்கு அன்றாடக் கவலையாகிவிட்டது.

இந்தியாவில் நிலக்கரி அமைச்சகம் 2009-ல் சுரங்க மூடல் திட்டத்துக்கான நெறிமுறைகளை வெளியிட்டது. அதன்படி திறந்தவெளிச் சுரங்கத்துக்கு ஹெக்டேருக்கு 6 லட்சம் ரூபாயும், நிலத்தடிச் சுரங்கத்துக்கு ஒரு லட்சம் ரூபாயும் அடிப்படையாகக் கொண்டு, நிறுவனம் தனிக் காப்புக் கணக்கில் ஆண்டுதோறும் பணம் செலுத்த வேண்டும் என அப்போது வகுக்கப்பட்டது. இது பெரிய முன்னேற்றமே. எனினும் ஹெக்டேர் என்பது நிலத்தின் அளவு. சுரங்கத்தின் எல்லைக்கு வெளியே செல்லும் நீருக்கு ஹெக்டேர் கிடையாது. தொகையை எடுத்து வைப்பதற்கு வழி பிறந்துவிட்டது; எதற்காக அதைச் செலவிட வேண்டும் என்று காட்டும் அளவுகள் இல்லாவிடில், பணம் மரம் நடவே போகும்.

யார் அளப்பது?

மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஆண்டுக்கு நான்கு முறை நாடெங்கும் நீர்மட்டத்தை அளக்கிறது. நாட்டு அளவிலான நிலவரத்துக்கு அது போதும். ஒரு சுரங்கத்தைச் சுற்றிய நான்கைந்து ஊர்களுக்குப் போதாது. சுரங்க நிறுவனமே அளந்தால், நிறுவனம் கலைக்கப்படும் நாளில் ஏடும் போய்விடும் அபாயம் உண்டு. ஊராரும் அதை நம்புவதில்லை.

இங்கேதான் சித்தூரின் அனுபவம் பயன்படுகிறது. ஆந்திரப் பிரதேச உழவர் மேலாண்மை நிலத்தடி நீர்த் திட்டம், ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்தின் துணையுடன் அன்றைய ஆந்திரத்தின் ஏழு வறட்சி மாவட்டங்களில், 600-க்கும் மேற்பட்ட சிற்றூர்களில் நடைபெற்றது. அவற்றுள் சித்தூரும் ஒன்று. மழைமானியைப் படிப்பது, கண்காணிப்புக் கிணற்றில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மட்டம் அளப்பது, ஆழ்குழாய்க் கிணறு தரும் நீரை அளப்பது ஆகியவற்றை உழவர்களே, அவர்களுள் பெண்களும் கூட, செய்தனர். ஊர்ப் பொதுவிடத்துச் சுவரில் அளவுகள் எழுதப்பட்டன. பயிர் பருவத்தின் தொடக்கத்தில் இருக்கும் நீரைக் கணக்கிட்டு, நெல்லா நிலக்கடலையா என்று அவரவர் முடிவு செய்தனர். கட்டாயம் எதுவும் இல்லை. இத்திட்டம் 2010 அளவில் முடிவுற்றது. ஆனால் அளக்கக் கற்றவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். எழுதியதைப் படிக்க ஆள் இருந்தமையால்தான் அங்கு நாடாவின் நீளம் நீர்மட்டமாகப் பதியப்படவில்லை என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

மட்டத்தையும் ஓட்டத்தையும் உழவர் அளக்கலாம். சல்பேட்டையும் நச்சு உலோகங்களையும் அளக்க ஆய்வுக்கூடம் வேண்டும். திருப்பதியில் வேங்கடேசுவரப் பல்கலைக்கழகத்தின் நிலவியல், வேதியியல் துறைகள் இருக்கின்றன. குடுபள்ளிப் பகுதியில் பள்ளி ஆசிரியர் ஒருவரின் பொறுப்பில் ஏடும், ஓடைகளில் இரண்டு தடுப்புப் பலகைகளும், ஆறேழு கண்காணிப்புக் கிணறுகளும் அமைத்து, பருவத்துக்கு ஒருமுறை மாதிரிகளைத் திருப்பதிக்கு அனுப்பும் ஏற்பாட்டைச் செய்ய, பெருஞ்செலவு ஆகாது. ஏட்டின் படி ஒன்று ஊராட்சியிலும், மற்றொன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும், மூன்றாவது எல்லைக்கு அப்பால் வாணியம்பாடியிலும் இருத்தல் வேண்டும்.

பாறை நிலமாதலால் இங்கு நீர் வெடிப்புகளின் வழியே செல்கிறது. நெய்வேலி மணலைப் போல மெதுவாகவும் ஒரே சீராகவும் அது செல்லாது. ஒரு கிணற்றைத் தொடாமல் அடுத்த கிணற்றைச் சில மாதங்களில் அடைந்துவிடக் கூடும். ஆகவே கிணறுகளைத் தேர்வதற்கு முன் வெடிப்புகளின் திசையை நிலவியலாளர் ஒருவர் குறித்துத் தருதல் நலம். முதல் அளவை மே மாத இறுதியில், தென்மேற்குப் பருவமழைக்கு முன் எடுக்கலாம்; இரண்டாவதை வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரியில். சுரங்கத்து நீரை வெளியேற்றும் முதல் பம்பு ஓடுவதற்கு முன் இவ்வாறு இரண்டு ஆண்டுகளின் அளவுகளாவது அந்த ஏட்டில் இருக்க வேண்டும்.